அரைக்கல்லில் கட்டிய அறை

நான் காத்தான்குடிக்காரன். வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். பதினொரு வருடம் கட்டாரில் இருந்தேன். அங்கே முப்பது மாடி, நாற்பது மாடிக் கட்டடங்களில் சுவருக்குள் குழாய் பதித்து வயர் இழுத்தோம். நாங்கள் பொருத்திய சுவிட்சை யார் போடப்போகிறார்கள் என்று எங்களுக்கு ஒருநாளும் தெரியாது. ஒரு கட்டடம் முடிந்ததும் பஸ்ஸில் ஏற்றி அடுத்த கட்டடத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்கு வேலை கிடைத்தது பெரும்பாலும் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். காலையில் குருக்கள்மடத்தில் வாகனங்களையும் ஏற்றிப்போகும் படகுப்பாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றி, அம்பிளாந்துறையில் இறங்கி, வயலுக்கு நடுவே போகும் வீதியில் உள்ளே போவேன். லைன் வந்து பல வருடமான ஊர்களிலும் ஒன்றிரண்டு வீடுகள் கரண்ட் இல்லாமலேயே இருக்கும். போய்ப் பார்த்தால் அந்த வீடுகளில் இருப்பவர்கள் அநேகமாக வயதானவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு முதலில் கரண்ட் வந்துவிடும். மற்றவர்கள் விண்ணப்பம் நிரப்ப வேண்டும், கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், காணிக் கடுதாசி காட்ட வேண்டும், மின்சாரக் கந்தோருக்கு இரண்டு பஸ் ஏறிப் போக வேண்டும். முழங்காலில் வலி உள்ள ஒருவருக்கு இதெல்லாம் சின்ன வேலை இல்லை.

அப்படி ஒரு வீட்டுக்குத்தான் ஓர் ஆவணி மாதம் என்னைக் கூப்பிட்டார்கள்.

அதில் இருந்தவர்கள் அண்ணனும் தங்கச்சியும். தங்கச்சிக்கு எழுபத்திரண்டு வயது. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. இளம் வயதிலிருந்தே செங்கல் சூளையில் கல் சுமந்தவர், பிறகு வயலில் களை பிடுங்கினவர். அண்ணனுக்கு எண்பதுக்குக் கிட்ட. அவர் வாழ்நாள் முழுக்க வட்டையில் காவல் இருந்தவர். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயல்வெளி. யானை வராமல் இரவிரவாகத் தீ மூட்டி, அந்தப் புகைக்குள்ளேயே இருந்து இருந்து அவருடைய நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. முட்டு வந்தால் மூச்சு உள்ளே போகாது, வெளியே வராது. இடுப்புக்குக் கீழே பலமும் குறைந்து, நிலத்தில் கையூன்றி அரைந்து அரைந்துதான் நகருவார்.

அந்த அம்மாதான் எல்லாவற்றையும் கதைத்தார். எனக்கு உட்கார ஒரு பலகைக்கட்டையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தொடங்கினார்.

“தம்பி, அண்ணனுக்கு முட்டு வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும். அங்க மூக்கில ஒண்ட வெச்சி மருந்துப் புகை குடுப்பாங்க. கால்மணித்தியாலத்தில ஆள் நல்லா வந்திடுவார். டொக்டர் சொல்லுறார், வீட்டில கரண்ட் இரிந்தா அந்த மிஷின் சின்னது ஒண்டு எடுத்துத் தரலாமாம். பொழுதுபட்டா இந்த ரோட்டில ஆன நிக்கிது. போன மாசம் ராவில முட்டு வந்து, கொண்டுபோக ஏலாம நானும் இவரும் விடியுமட்டும் பாத்துக்கொண்டு இரிந்தம்.”

“இப்ப வெளிச்சத்துக்கு என்ன செய்யிறீங்கம்மா?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்ல.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். முன்பு மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான். அந்தப் புகை அண்ணனுக்கு ஆகாது. விளக்குக் கொளுத்தினால் அவர் வெளியே போய் இருட்டில் இருப்பார். அண்ணனை வெளியே விட்டுவிட்டுத் தான் மட்டும் வெளிச்சத்தில் இருக்க இவருக்கு மனம் வரவில்லை. விளக்கை நிறுத்திவிட்டார். சோலார் லைட் ஒன்று யாரோ கொடுத்தார்கள். அது இரண்டு மாரி எரிந்து நின்றுவிட்டது. நான்கு வருடமாகப் பொழுது சாய முன்னமே சமைத்து, சாப்பிட்டு, சட்டி கழுவி, பாயை விரித்துவிடுவார்களாம். இதை ஒரு முறைப்பாடாக அவர் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

கடுதாசிகளை ஒரு சொப்பிங் பையில் வைத்திருந்தார். கிராம சேவகரின் கையெழுத்து, காணி உத்தரவுப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, எல்லாம் சரி. வசதி குறைந்தவர்களுக்கு இணைப்புக் கொடுக்கும் திட்டம் ஒன்றில் அவருடைய பெயரும் ஏறியிருந்தது. பிரதேச செயலகத்துக்கு மூன்று முறை நடந்து எடுத்த கடுதாசிகள் அவை. நான் செய்ய வேண்டியது வீட்டுக்குள் வயரிங் மட்டும்தான் என்று நினைத்தேன்.

வெளியே வந்து பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வீடு காணியின் பின்பக்கத்தில், மேட்டில் இருந்தது. மாரியில் முன்பக்கம் முழுவதும் தண்ணீர் நிற்பதால் அந்தக் காலத்திலேயே மேடு பார்த்துக் கட்டியிருந்தார்கள். மின்கம்பம் வீதியில் நின்றது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வயர் இழுக்க ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் என்றால் இடையில் இன்னொரு கம்பம் நட வேண்டும். அந்தக் கம்பம் திட்டத்தில் சேராது. நான் நாடாவைப் பிடித்து அளந்தேன். எல்லையைவிட இருபத்தெட்டு மீற்றர் கூட.

“ஏலாதம்மா,” என்றேன். “வயர் இவ்வளவு தூரம் வராது. புதுக் கம்பம் போடணும்.”

“அது நம்மளால ஏலாது,” என்றார். வீதிக் கம்பத்துப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு, “எங்க மட்டும் வரும்? அந்த இடத்த எனக்குக் காட்டிட்டுப் போங்க,” என்றார்.

நான் திரும்பி நடந்து, எல்லை விழும் இடத்தில் குதிகாலால் ஒரு கோடு கீறினேன். கோரைப்புல் முளைத்த பள்ளம் அது. அவர் விறகுக் கட்டிலிருந்து ஒரு கம்பை உருவிக்கொண்டு வந்து கோட்டின் மேல் அடித்து இறக்கினார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு இன்னொரு வீட்டு வேலை இருந்தது. படகுப்பாதையில் திரும்பும்போது அந்த இருவரைப் பற்றி மனவருத்தப்பட்டது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்ததோடு மறந்துபோனேன் என்பதும் உண்மை.

மாரி வந்து போனது. அறுவடையும் முடிந்தது. பங்குனியில் ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, அந்தக் கம்படியில வீடு வந்திட்டு. வந்து அளந்து பாருங்க.”

முதலில் யாரென்று பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகும் என்ன சொல்கிறார் என்று சரியாக விளங்கவில்லை. மறுநாள் போனேன்.

பள்ளம் இருந்த இடத்தில் முழங்காலுக்கு மேலே ஒரு மண்மேடை. அதன்மேல் ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். கூரைக்குத் தகரம், அதற்கு மேலே சூடு இறங்காமல் தென்னோலைக் கிடுகு. சுவரெல்லாம் செங்கல், ஆனால் ஒரு கல்லும் முழுக்கல் இல்லை. பாதிக்கல், முக்கால் கல், மூலை உடைந்த கல். அந்தத் துண்டுகளை அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருந்தார்கள். ஒரு மேசனாக இருந்தால்கூட வெட்கப்பட்டு ஒருமுறை தடவிப் பார்த்திருப்பான். அந்தச் சுவரின் வீதிப்பக்க முகம், அவர் அடித்த கம்புக்கு ஒரு சாண் உள்ளே, வீதிப் பக்கமாக நின்றது.

“யார்ம்மா கட்டின?”

“நாங்கதான்.”

நாங்கள் என்றால் அவரும், ஒருகாலத்தில் அவரோடு சூளையில் கல் சுமந்த ஐந்து பெண்களும். எல்லோரும் அறுபது கடந்தவர்கள். சூளைக்காரர் உடைந்த கற்களை வீதிக் குழி நிரப்பத்தான் கொடுப்பார். “நாப்பது வருசம் உங்கட வாடியில கல்லுச் சுமந்தவள் நான், உடைஞ்சத எனக்குத் தாங்க” என்று போய் நின்றிருக்கிறார். அவர் மறுக்கவில்லை. ஆறு பேரும் நாளைக்கு ஒரு தடவை, தலைச்சும்மாடு கட்டி, தங்களால் முடிந்த அளவு சுமந்து வந்திருக்கிறார்கள். அண்ணன் நிலத்தில் இருந்தபடியே களிமண் பிசைந்து கொடுத்தார். கூரைக்கு மட்டும் பக்கத்து வளவில் இருந்து இரண்டு பேர் வந்து ஏறியிருக்கிறார்கள்.

மேடையைப் பார்த்து நான் கேட்டேன், “தண்ணி வாற இடம் எண்டு நீங்கதானே சொன்னீங்க?”

“ஓம். அதுக்குத்தான் மேடைய மட்டும் மாரிக்கு முன்னுக்கே போட்டன். சுவர் எழுப்பல்ல. தண்ணி வந்து பாத்திட்டுப் போகட்டும் எண்டு விட்டுட்டன். இந்த முற நல்ல வெள்ளம். இதுல பாருங்க.”

மேடையின் பக்கத்தில் மண்ணில் ஒரு கோடு கறுத்திருந்தது. மேல் விளிம்புக்கு ஒரு சாணும் நான்கு விரலும் கீழே. வெள்ளம் நின்ற கோடு.

“மறுகா இன்னும் ஒரு சாண் உயத்திட்டுத்தான் கல்லு வெச்சன்,” என்றார்.

நான் கட்டாரில் பெரிய பெரிய எஞ்சினியர்களுக்குக் கீழே வேலை செய்தவன். ஒரு மாரி முழுக்கப் பொறுத்திருந்து அத்திவாரத்தைச் சோதித்துப் பார்த்த ஆளை அங்கே நான் சந்தித்ததில்லை. நாடாவை எடுத்து அளந்தேன். அளக்கத் தேவையிருக்கவில்லை. இருந்தாலும் அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் முழுவதும் அளந்து, எண்ணை வாய்விட்டுச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே இருந்த அண்ணன்தான் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து வயரிங் சாமான்களோடு போனேன். வழக்கமான உயரத்தில் சுவரில் சோக்கட்டியால் சுவிட்சுக்கு அடையாளம் போட்டபோது அந்த அம்மா கிட்டே வந்து நின்றார்.

“தம்பி, அது எனக்கு எட்டாது.”

“எட்டும்மா. உங்கட தோள் உயரம்தான்.”

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சு மட்டத்துக்கு மேலே கை போகவில்லை. இடது கையும் அப்படித்தான். கல் சுமந்த தோள்கள். பானை இறக்குவதற்கும் ஒரு கட்டையில் ஏறித்தான் இறக்குவாராம். அத்தனை கற்களை அந்தத் தோளோடுதான் அடுக்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயர வரிசைகளை மேசையில் ஏறி நின்று வைத்தாராம்.

“எனக்கு இடுப்பளவில போட்டாச் சரி. ஆனா அவரும் போடணுமே,” என்று அண்ணனைக் காட்டினார்.

அண்ணன் பாயில் இருந்தபடி கையை நீட்டினார். “இஞ்ச மட்டும் எனக்கு எட்டும் மனே.” முழங்காலுக்குச் சற்று மேலே அவருடைய விரல் சுவரைத் தொட்டது. மூவரும் சேர்ந்து கணக்குப் பார்த்தோம். அவருக்கு எட்ட வேண்டும், அவர் தங்கச்சி அதிகம் குனியவும் கூடாது. கடைசியில் பாயின் தலைமாட்டுப் பக்கமாக, நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் இரண்டு சுவிட்சும், அதற்கு ஒரு சாண் மேலே மிஷினுக்கு ஒரு பிளக்கும் போடுவதென்று முடிவானது. இரண்டு பல்ப். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே யானைக்கு. நான் இருபத்தைந்து வருடம் சுவிட்ச் பொருத்தியிருக்கிறேன். பொருத்த முன் ஒரு வீட்டுக்காரரின் கையை நீட்டச் சொல்லி அளந்தது அன்றுதான்.

வேலை பின்னேரத் தொழுகையான அசருக்கு முன் முடியவில்லை. தொழுகைக்கு வெளியே போக எழும்பினேன். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் அறையின் ஒரு பக்கத்தைக் கூட்டி, கழுவி மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைச் சீலையை விரித்தார். “மேக்குப் பக்கம் இதுதான்,” என்றார். அண்ணன் பாயை இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். நான் தொழுது முடியும்வரை இருவரும் வெளியே மேடையில் இருந்தார்கள். அந்த அறையில் கரண்டுக்கு முன்னமே தொழுகை நடந்துவிட்டது.

மின்சாரக் கந்தோரிலிருந்து பரிசோதிக்க ஓர் அதிகாரி வந்தார். நானும் போயிருந்தேன். அவர் சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது என்ன, நாய்க்குட்டி போடுறதுக்கா?” என்று பகிடியாகக் கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுக்க முன்னமே அண்ணன் பாயிலிருந்து அரைந்து வந்து, கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டிக் காட்டினார். போட்டார், அணைத்தார். திரும்பவும் போட்டார். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. “மன்னிச்சிக்கங்க ஐயா,” என்றார். பிறகு நிலத்தில் குந்தியிருந்து பிளக்கின் உயரத்தை அளந்தார். வெள்ளம் வாற இடத்தில் இது தாழ்வாக இல்லையா என்று கேட்டார். அந்த அம்மா அவரை வெளியே கூட்டிப்போய் மேடையின் கறுத்த கோட்டைக் காட்டினார். அவர் அதையும் அளந்து எழுதினார். கடைசியாக ஒரு கேள்வி மீதி இருந்தது.

“அம்மா, வீடு பின்னுக்கு இரிக்கு. இது ஒரு அறை. இணைப்பு வீட்டுக்குத்தான் குடுக்கலாம்.”

“அடுப்பு இதுக்குள்ள இரிக்கு. பாய் இரிக்கு. நாங்க ரெண்டுபேரும் இரிக்கம்,” என்றார் அவர். “வேற என்ன வேணும் வீட்டுக்கு?”

அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

மூன்றாவது வாரம் வயர் இழுத்தார்கள். மீற்றர் பூட்டியபோது மத்தியானம். வெளிச்சம் தேவையில்லாத நேரம். சுவிட்சை யார் முதலில் போடுவதென்று நான் கேட்க, தங்கச்சி அண்ணனைப் பார்த்தார், அண்ணன் தங்கச்சியைப் பார்த்தார். கடைசியில், கல் சுமந்த ஐந்து பெண்களில் வாசலில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்கள். அவர் வீட்டில் பல வருடமாகக் கரண்ட் இருக்கிறது. இருந்தும் அவர் கையைச் சீலையில் துடைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொட்டார். பல்ப் எரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது மங்கலாகத்தான் தெரிந்தது. எல்லோரும் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிஷின் அடுத்த கிளினிக் நாளில் கிடைத்தது. டொக்டர் சொன்னபடி மருந்தை அளந்து ஊற்ற அந்த அம்மா பழகிக்கொண்டார். எழுத்து வாசிக்கத் தெரியாது. மருந்துக் குப்பியில் அளவுக்கு நகத்தால் கீறி, அதன்மேல் குங்குமம் தடவி வைத்திருந்தார். மழைக்காலத்தில் அண்ணனுக்கு இரண்டு முறை கடுமையாக முட்டு வந்ததாம். இரண்டு முறையும் வீட்டிலேயே அடங்கிவிட்டதாம். “முந்தி மாதிரி விடியுமட்டும் பாத்துக்கொண்டு இரிக்கல்ல” என்று போனில் சொன்னார்.

பிறகு நாடு முழுக்க மணிக்கணக்காகக் கரண்ட் நிறுத்திய காலம் வந்தது. நான் அவர்களைப் பற்றிப் பயந்து அழைத்தேன். எங்கள் வீட்டில் நிறுத்தும் நேரம் எனக்கே ஞாபகமில்லை. அவர் தங்கள் பகுதிக்கான நேரத்தைக் காலை, பின்னேரம், இரவு என்று மூன்றாகப் பிரித்து மனப்பாடமாகச் சொன்னார். கரண்ட் போவதற்கு அரை மணித்தியாலம் முன்பு, முட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அண்ணனுக்கு மூச்சு எப்படி என்று பார்ப்பாராம். கொஞ்சம் இழுத்தாலும் அப்போதே மிஷினைப் போட்டுவிடுவாராம். அதையும் டொக்டரிடம் கேட்டுத்தான் செய்தாராம்.

“நீங்க எப்பிடி இதெல்லாம் ஞாபகம் வெக்கிறீங்கம்மா?”

“வேற என்ன வேல எனக்கு,” என்றார்.

போன வருடம் அதே ஊரில் இன்னொரு வேலைக்குப் போனபோது அங்கும் எட்டிப் பார்த்தேன். பின்பக்க வீட்டில் இப்போது விறகும் நெல்லும்தான். அறைக்குள் அண்ணனோடு இன்னும் மூன்று வயதானவர்கள் இருந்தார்கள். ஒருவர் போன் சார்ஜ் போட வந்தவர். இன்னொரு அம்மா தன்னுடைய மிஷினை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய வீட்டுக்கும் கம்பத்துக்கும் இடையில் ஒரு குளக்கட்டு இருக்கிறது. வயரும் வராது, வீட்டை நகர்த்தவும் முடியாது. அதனால் இந்த அறையின் கரண்டை டொக்டரிடம் சொல்லி மிஷினை வாங்கி, பின்னேரத்தில் இங்கே வந்துவிடுகிறார். ஒரு பிளக்கில் இரண்டு மிஷின் ஏறாது என்பதால் முறை வைத்திருந்தார்கள்.

“இன்னொரு பிளக் போட்டுத் தாங்க தம்பி,” என்றார் வீட்டுக்கார அம்மா. சாமான் என்னிடம் இருந்தது. அன்றே போட்டேன். வந்திருந்த அம்மாவின் கை எவ்வளவு எட்டும் என்று கேட்டுவிட்டுத்தான் சுவரில் அடையாளம் வைத்தேன்.

பொழுதுபட்டு, வெளி பல்ப்பைப் போட்ட பிறகு கிளம்பும்போது அண்ணன் கூப்பிட்டார். எப்போதும் குறைவாகப் பேசுகிறவர்.

“மனே, வெளி பல்ப்பு காணாது.”

“ஆனைக்கு இது போதும் ஐயா.”

“ஆனைக்கில்ல. இவங்க போற வழி. மேடையில இரிந்து இறங்கக்குள்ள படி தெரியுதில்ல. விழுந்தா எழும்பவா போறாங்க.”

அவர் சொன்னது சரி. வெளியே போய் நின்று பார்த்தேன். படியின் கீழ்ப்பாதி சுவரின் நிழலில் கிடந்தது. பெரிய பல்ப் அன்று என்னிடம் இருக்கவில்லை. மறுநாள் காலையில், முதலாவது படகுப்பாதையில் கடந்துபோய், ஹோல்டரைச் சுவரின் மறுமூலைக்கு மாற்றி, படியில் நேராக விழும்படி பல்ப்பைப் பூட்டிவிட்டு வந்தேன்.